கோட்டை இல்லாத ஊரைக் கோட்டையாக்கியவர்

கேள்வி: 'பிளெவ்னாவின் சிங்கம்' என்று ஒட்டோமான் தளபதி ஒருவரைச் சொல்கிறார்களே, கடைசியில் சரணடைந்தவருக்கு ஏன் இவ்வளவு பெருமை?

பதில்: அவர் காஸி ஒஸ்மான் பாஷா, துருக்கியின் தோகாத் ஊர்க்காரர். சரணடைவதற்கு முன்னால் ஏறக்குறைய ஐந்து மாதம் தாக்குப்பிடித்தாரே, பெருமை அதற்குத்தான்.

1877-இல் ரஷ்யப் படை டான்யூப் ஆற்றைக் கடந்து, அப்போது ஒட்டோமான் ஆட்சியில் இருந்த பல்கேரியாவுக்குள் இறங்கியதும், விதின் கோட்டையில் இருந்த ஒஸ்மான் சுமார் 15,000 பேரோடு அடித்துப்பிடித்து நடந்து ஜூலை 19 அன்று அந்நாட்டின் பிளெவ்னா ஊருக்கு வந்து சேர்ந்தார். மறுநாளே ரஷ்யர்கள் மோதினார்கள். ஊருக்கு மதில் என்று எதுவும் கிடையாது. சிப்பாய்கள் மண்வெட்டியை எடுத்தார்கள்; சுற்றியிருந்த குன்றுகளில் பதுங்குகுழியும் மண் அரணுமாக வெட்டினார்கள், ஒரு சண்டை முடிந்தால் அடுத்ததற்குள் இன்னும் ஆழமாக. எதிரி தூரத்தில் வரும்போது பீபாடி-மார்ட்டினி துப்பாக்கி, கிட்டே நெருங்கிவிட்டால் மளமளவென்று சுட வின்செஸ்டர். ரஷ்யர்களோ பழைய பாணியில் திறந்தவெளியில் கூட்டமாக ஏறி வந்தார்கள். ஜூலையில் இரண்டு தாக்குதல், இரண்டும் தோல்வி. மூன்றாவது, செப்டம்பர் 11, ரஷ்யப் பேரரசர் ஜார் இரண்டாம் அலெக்சாந்தரின் பெயர்த் திருநாள், அதாவது அவர் பெயர்கொண்ட புனிதரின் திருநாள். அவர் குன்றின்மேல் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, ரஷ்ய, ருமேனியத் தரப்பில் 15,000 பேருக்கு மேல் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள்.

அப்புறம்தான் ரஷ்யர்கள் தங்கள் ராணுவப் பொறியாளர் டோட்லெபெனை வரவழைத்தார்கள். கிரீமியப் போரில் செவஸ்தபோலை இதே மாதிரி மண் அரண் எழுப்பிக் காத்தவர் அவர். அதனால் இனி மோத வேண்டாம், வழியை அடைத்துப் பட்டினி போடலாம் என்று முடிவெடுத்தார். இந்த ஆபத்து ஒஸ்மானுக்கு முன்பே தெரிந்திருந்தது. வழி திறந்திருந்தபோதே பின்வாங்க அனுமதி கேட்டார், இஸ்தான்புல் மறுத்துவிட்டது. என்னைக் கேட்டால் அந்தத் தோல்வியில் பாதிக்கு மேல் தலைநகரத்தின் கணக்குத்தான்.

டிசம்பர் 10 அன்று வித் ஆற்றைக் கடந்து முற்றுகையை உடைக்கப் பார்த்தார். காலில் குண்டு பாய்ந்தது, படை கலைந்தது, வேறு வழியில்லாமல் சரணடைந்தார்.

கேள்வி: அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார்?

பதில்: ரஷ்யத் தளபதிகளே மரியாதையோடு நடத்தினார்கள். நாடு திரும்பிப் போர் அமைச்சராக இருந்தார், 1900-இல் காலமானார். இஸ்தான்புல் ஃபாத்திஹ் மசூதி வளாகத்தில் அடக்கம். ஆனால் கூடவே பிடிபட்ட சிப்பாய்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை, ரஷ்யாவை நோக்கிப் பனியில் நடத்திக் கூட்டிப்போனபோது பசியிலும் குளிரிலும் ஆயிரக்கணக்கில் வழியிலேயே செத்தார்கள். பாஷாவைப் பாடுகிற பிளெவ்னா பாட்டைத் துருக்கியில் இன்றும் பாடுகிறார்கள், அந்தக் குழிகளை வெட்டிய இவர்களில் பெரும்பாலானோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.