பலட் பலகையில் சாப்பாட்டறை அலுமாரி: கேள்வி பதில்

பலட் (சரக்கு அடுக்கி ஏற்றுகிற மரத் தட்டு) பலகையில் 3 அடி நீளம், 16 அங்குல ஆழம், 33 அங்குல உயரத்தில் சைட்போர்ட் செய்ய முனைவோர் கேட்டவை.

ஏறாவூர்: கடைக்குப் பின்னால் கிடக்கிற பலட் எதையும் வீட்டுக்குள் எடுக்கலாமா?

கட்டையில் உள்ள முத்திரையைத் தேடுங்கள். கோதுமைக் கதிர்ப் படமும் நாட்டுக் குறியும் (இலங்கை என்றால் எல்.கே.) இருக்கும். பக்கத்தில் எச்.ரி. (HT) என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடேற்றியது, எடுக்கலாம். எம்.பி. என்றால் மெதைல் புரோமைட் புகையூட்டியது, தட்டு கோப்பை வைக்கிற அலுமாரிக்கு வேண்டாம். எண்ணெய்க் கறையோ மருந்து மணமோ இருந்தாலும் விட்டுவிடுங்கள். பலகையில் என்ன ஊற்றுப்பட்டது என்று எந்த முத்திரையும் சொல்லாது.

களுவாஞ்சிகுடி: எத்தனை பலட் வேணும் அண்ணன்? 4 அடி நீளத்துக்குச் செய்யலாமா?

நாலு போதும், ஐந்தாவது ஒன்று கைவசம் இருக்கட்டும். 1200க்கு 1000 மில்லிமீற்றர் பலட்டில் மேற்பலகை பெரும்பாலும் 1000 பக்கமாகத்தான் ஓடும். ஆணி ஓட்டை விழுந்த இரு முனையையும் வெட்டினால் 36 அங்குலம் மிஞ்சும். 4 அடி என்றால் நடுவில் பொருத்து வரும், அது கண்ணை உறுத்தும். வெடிப்பில் காற்பங்கு கழியும் என்று வையுங்கள். காலுக்கு அடிக்கட்டையை அறுத்தெடுங்கள். கால் 6 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம்; மாரியில் வெள்ளம் வாசற்படி ஏறுகிற ஊர் இது.

அக்கரைப்பற்று: ஓடாவியார், அலவாங்கால் நெம்பினால் பலகை பிளக்குது.

பிளக்கத்தான் செய்யும். பலட் ஆணிக்கு முறுக்கு இருக்கிறது, மரத்தைக் கவ்விப் பிடிக்கும். பலகைக்கும் கட்டைக்கும் இடையில் ஆப்பு வைத்து இரண்டு நூல் (கால் அங்குலம்) இடைவெளி எடுங்கள், அதற்குள் இரும்பறுக்கும் வாளை விட்டு ஆணியை அறுத்துவிடுங்கள். பலகையில் தங்கிய துண்டைப் பின்பக்கமிருந்து தட்டி வெளியேற்றலாம். சீவுளி வைக்க முன் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பலகை முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஒரு ஆணித் துண்டு போதும், அலகில் பல் விழ. மரக்காலையில் பலட் பலகையைச் சீவித் தரத் தயங்குவதும் இதனால்தான்.

ஆரையம்பதி: மேற்தட்டை 5 பலகை ஒட்டிச் செய்து, சட்டத்தில் பசை போட்டுத் திருகாணியும் இறுக்கினேன். ஆறு மாதத்தில் நடுவால் வெடித்துவிட்டது. பசை பிழையா?

பசையில் பிழையில்லை, இறுக்கினது பிழை. மாரியில் ஈரம் குடித்து ஊதியிருந்த பலகையைப் பூட்டியிருக்கிறீர்கள். வறண்ட கச்சான் காற்று அடித்ததும் அது சுருங்கப் பார்த்தது, பசையும் திருகாணியும் விடவில்லை, வெடித்தது. 16 அங்குல அகலப் பைன் தட்டு, மரத்தின் ஈரம் 4 வீதம் மாறினால் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் கூடிக் குறையும். நீளப்பக்கம் அசைவதே இல்லை என்று சொல்லலாம்.

பலகைக்குப் பலகை பசை போடுங்கள். தட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு சொட்டும் வேண்டாம். சட்டத்தின் முன்பக்க ஓட்டைகள் வட்டமாக இருக்கட்டும். நடுவிலும் பின்னாலும் உள்ளவற்றை முன்பின்னாக 10 மில்லிமீற்றர் நீட்டி, வாசர் போட்டுத் திருகாணியை அளவாக இறுக்குங்கள். தட்டு பின்னால் போய்வரும், முன்விளிம்பு நகராது. பக்கப் பலகைகளையும் சட்டத்தில் காடி வெட்டிப் பசையில்லாமல் நிறுத்துங்கள். எதற்கும் முதல், பலகையை இடையிடையே குச்சி வைத்து வீட்டுக்குள் மூன்று நாலு கிழமை அடுக்கி வையுங்கள்.

கல்முனை: லாச்சி மாரியில் இழுக்க வருகுதில்ல.

அதே கதைதான். வெயில் காலத்தில் செய்தால் 6 அங்குல உயர முகப்புக்கு மேலே 3 மில்லிமீற்றர் விடுங்கள். கடற்கரை வீட்டில் இரும்புத் தண்டவாளம் துருப்பிடிக்கும். மரச்சட்டத்தில் ஓடவிட்டு மெழுகுதிரி தேய்ப்பது மேல். பிணைச்சலும் திருகாணியும் பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்கு.

ஒலுவில்: சூடேற்றின மரம்தானே, பிறகு ஏன் மாவு கொட்டுது?

சூடு அன்றிருந்த பூச்சியைக் கொல்லும், பிறகு வருவதைத் தடுக்காது. வார்னிஷுக்கு முன், எதுவும் பூசாத பலகையில் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை இரண்டு தரம் பூசிக் காயவிடுங்கள். வெட்டுமுகத்தை மறக்க வேண்டாம்.

வாழைச்சேனை: லெக்கர் பால்போல வெளுத்துவிட்டது.

மழை நாளில் அடித்திருப்பீர்கள். காய்ந்த நாளில் தின்னர் மெல்லியதாக அடித்தால் பெரும்பாலும் தெளியும். தட்டின் அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் அடியுங்கள், இல்லாவிட்டால் வளையும்.