கார் ஆடியோவை அளக்க என்ன வாங்கணும்? கேள்வி பதில்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில கார் ஆடியோ வேலை பாக்கேன். அளக்குற கருவிகளைப் பத்திக் கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்லுதேன். முதல்லயே ஒண்ணு: ஸ்கோப்போட (வோல்ட்டைத் திரையில அலையா காட்டுற ஆசிலோஸ்கோப்) கறுப்புக் கிளிப்பைப் பாத்து மாட்டுங்க.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, ஆம்ப்ளிஃபயர்ல கெயின் (உள்ள வார சிக்னலை எவ்வளவு ஏத்தணும்ங்குற திருகு) வைக்க மல்டிமீட்டர் போதுமா?

சப்-ஊஃபருக்குப் போதும் தம்பி. ஆம்ப் வாட்ஸை ஸ்பீக்கர் ஓம்ஸால பெருக்கி வர்க்கமூலம் எடு. 500 வாட், 2 ஓம்னா 31.6 வோல்ட். ஸ்பீக்கர் வயரைக் கழட்டிட்டு, பாஸ் பூஸ்ட்டை அணைச்சு, 50 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஆம்ப் அவுட்புட்ல அந்த வோல்ட் வார வரைக்கும் கெயினை மெதுவா ஏத்து. டோர் ஸ்பீக்கருக்கு 1000 ஹெர்ட்ஸ் போடும்போதுதான் வம்பு. விலை குறைஞ்ச மீட்டர் பலதும் 400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் சரியா காட்டும். அதோட, ஹெட் யூனிட் (டேஷ்போர்டுல இருக்குற பிளேயர்) அலையோட உச்சியை வெட்டுதான்னு மீட்டர் சொல்லாது. ஸ்கோப்ல அலையோட உச்சி, மண்டை வெட்டுன பனை மாதிரி தட்டையாவுறது கண்ணுக்கே தெரியும்.

நாங்குநேரி: கறுப்புக் கிளிப்பால என்ன ஆவும்?

ரெண்டு சேனலோட கறுப்புக் கிளிப்பும் ஸ்கோப்புக்குள்ள ஒண்ணுதான். ஹெட் யூனிட்டோட ஸ்பீக்கர் நெகட்டிவ் கார் பாடி இல்ல. அதுலயும் பேட்டரியில பாதி வோல்ட் நிக்கும். வேலைக்கு வந்த புதுசுல ஒரு கிளிப்பை அதுலயும், இன்னொண்ணை பாடியிலயும் மாட்டிட்டேன். ‘டப்’னு சின்னச் சத்தம், கருகுன வாசனை, அவுட்புட் ஐ.சி. போச்சு. அந்தக் காசை நான்தான் கட்டினேன். கிளிப் ஒண்ணே ஒண்ணு, பாடியில மட்டும். ரெண்டு ப்ரோப் முனையையும் ஸ்பீக்கரோட பாசிட்டிவ், நெகட்டிவ்ல வச்சு, ஸ்கோப்ல ஒண்ணை ஒண்ணு கழிச்சுப் பாருங்க.

தென்காசி: அண்ணே, போன் ஆப்ல ஆர்.டி.ஏ. (எந்த ஹெர்ட்ஸ்ல எவ்வளவு சத்தம்னு காட்டுற படம்) பாக்கலாமா?

போன் மைக் பேச்சுக்குச் செஞ்சது தங்கச்சி. அடி பாஸை நம்ப முடியாது. யூமிக்-1 மாதிரி, சீரியல் நம்பருக்கு அளவுத்திருத்தக் கோப்பு கிடைக்குற யூ.எஸ்.பி. மைக் வாங்குங்க. மைக் அளக்குறதைக் கம்ப்யூட்டர்ல காட்டுற ஆர்.இ.டபிள்யூ. மென்பொருள் இலவசம்.

டவுன்: மல்டிமீட்டர் போதுமா?

மேல அம்பைத் தம்பிக்குச் சொன்னதுதான்.

பாளையங்கோட்டை: முப்பது வருசமா காதை வச்சுத்தான் ட்யூன் பண்ணுதேன். மைக் என்னத்துக்குவே?

அண்ணாச்சி, உங்க காதை மதிக்கேன். ஆனா காது பழகிரும். பத்து நிமிசம் கேட்டா குறையும் சரியாத்தான் தோணும். போன மாசம் ஒரு காருல சப் பத்தலைன்னு கெயினை ஏத்திக்கிட்டே இருந்தாங்க. பிங்க் நாய்ஸ் (எல்லா ஹெர்ட்ஸும் கலந்த இரைச்சல்) போட்டு, மைக்கைத் தலை இருக்குற இடத்துல மெதுவா சுத்திப் பாத்தா, 80 ஹெர்ட்ஸ்ல பெரிய பள்ளம். சப்போட பாசிட்டிவ், நெகட்டிவ் வயரை இடம் மாத்திக் குடுத்தேன், பள்ளம் நிரம்பிட்டு. கெயினைக் குறைச்சுத்தான் அனுப்பினேன்.

மறுபடியும் பாளை: வயரை மாத்திப் பாக்கணும்னு எனக்கும் தெரியும்.

உங்களுக்குத் தெரியும். புதுசா வார பையனுக்கு யாரு சொல்லுவா? டைம் அலைன்மென்ட்டுக்கு (ரெண்டு பக்கச் சத்தமும் காதுக்கு ஒண்ணா வாரதுக்கு) மைக் கூட வேண்டாம், தையக்காரர் டேப் போதும். டிரைவர் தலையில இருந்து வலது டோர் ஸ்பீக்கர் 85 செ.மீ., இடது 136 செ.மீ.னு வச்சுக்கிட்டா வித்தியாசம் 51. சத்தம் மில்லி செகண்டுக்கு 34 செ.மீ. போற கணக்குல வலதுக்கு 1.5 மில்லி செகண்ட் தாமதம். அதுக்கப்புறம் பாட்டைப் போட்டு, குரல் டேஷ்போர்டு நடுவுல நிக்குதான்னு உங்க காதுதான் சொல்லணும்.

கயத்தாறு: ஒவ்வொரு தடவையும் அளவு மாறுதே?

ஆடிக் காத்துல ரோட்டோரம் நிறுத்தி அளந்தா மாறத்தான் செய்யும். ஷெட்டுக்குள்ள விட்டு, கண்ணாடி ஏத்தி, இஞ்சின், ஏ.சி. அணைச்சுட்டு அளங்க.

களக்காடு: எந்த ஸ்பீக்கர் நல்லது?

அது வேற பேச்சு. கடையில உக்காந்து கேட்டு வாங்குங்க.

வள்ளியூர்: ஸ்கோப் வந்துட்டு அண்ணாச்சி. கறுப்புக் கிளிப்பை எங்க மாட்ட?

எதையும் தொடாத. நாங்குநேரிக்குச் சொன்னதைப் படி, பொறவு மாட்டு.