அப்பாவுக்கு ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சம்

அன்புள்ள ஐயா,

ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம். முதல் நாள் மாலை மண்டபத்தில் வரவேற்பு. வீடியோவுக்கு ஆள் பேசியாகிவிட்டது. “போட்டோவை நீயே எடுத்துடேன், உன்கிட்டதான் கேமரா இருக்கே” என்று அப்பா சொல்லிவிட்டார். என்னிடம் இருப்பது நிகான் டி5600, கூடவே வந்த 18-55 லென்ஸ், ஒரு கோடாக்ஸ் டிடி600 ஃபிளாஷ். உள்ளரங்கில் எடுத்துப் பழக்கமில்லை. ஃபிளாஷ் மேல் மாட்டும் வெள்ளை டிஃப்யூசர் மூடியில் எது நல்லது? 50 எம்எம் 1.8 லென்ஸை வாடகைக்கு எடுக்கலாமா? ரா-வில் (கேமரா பிடித்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்தால் எதையும் பிறகு சரிசெய்துவிடலாம் என்கிறான் நண்பன். உண்மையா? பயமாக இருக்கிறது.

தங்கள் வாசகன்,
கும்பகோணம்

அன்புள்ள தம்பிக்கு,

பயம் நல்லதுதான். பயப்படுகிறவன் முன்கூட்டியே மண்டபத்துக்குப் போய்ப் பார்ப்பான்.

50 எம்எம் வேண்டாம். உங்கள் கேமராவில் அது 75 போல நடந்துகொள்ளும். பத்துப் பேர் மேடையில் நின்றால் நீங்கள் பின்னால் போய்ப்போய்ச் சாப்பாட்டுப் பந்தியில்தான் நிற்பீர்கள். கூட வந்த லென்ஸே போதும். ரா-வில் எடுங்கள், ஆனால் நண்பரின் பேச்சை நம்பாதீர்கள். நேர் ஃபிளாஷில் வெந்துபோன நெற்றியையும் ஜரிகையையும் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

டிஃப்யூசர் மூடி பற்றித்தான் பேச வேண்டும். சில காலமாகக் கல்யாண ஆல்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் அது. கத்தரித்து ஒட்டியதுபோல் இரண்டு வெள்ளை முகங்கள், பின்னால் ஒரே இருட்டு. மண்டபம் எங்கே, அதில் இருந்த மனிதர்கள் எங்கே?

கணக்கு எளியது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. ஃபிளாஷை நேராக அடிக்கிறீர்கள். அக்கா 2 மீட்டரில் நிற்கிறார், அவருக்கு முழு வெளிச்சம். 4 மீட்டரில் நிற்கும் அம்மாவுக்கு அதில் கால் பங்கு. 6 மீட்டரில், மேடை ஓரத்தில் கைகட்டி நிற்கிறாரே அப்பா, அவருக்கு ஒன்பதில் ஒரு பங்கு. படத்தில் அவர் நிழல்தான். கல்யாணத்துக்குக் கடன் வாங்கியவர் அவர்.

இதற்கு மூடி மாட்டினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. வெளிச்சம் மென்மையாவது அது புறப்படும் பரப்பின் அளவால்தான். பிளாஸ்டிக் வெள்ளையாக இருக்கிறதா, கண்ணாடி போல் இருக்கிறதா என்பதால் அல்ல. ஃபிளாஷின் முகம் 7 சென்டிமீட்டர் சொச்சம். மூடியும் ஏறக்குறைய அதே அகலம். மூக்கின் நிழல் கன்னத்தில் கத்தியால் கீறியதுபோல் விழுவது மூடி போட்டாலும் மாறாது. சிறிய அறை என்றால் மூடி சிதறடிக்கும் வெளிச்சம் சுவர்களில் பட்டுத் திரும்பி வரும், அங்கே பலன் உண்டு. மண்டபத்தில் அந்த வெளிச்சம் போனது போனதுதான். உங்கள் பேட்டரிதான் தீரும். அந்தக் காசை எடுத்து வையுங்கள், வேறு வேலை இருக்கிறது.

கூரையைப் பாருங்கள். கூரை வெள்ளையா, எவ்வளவு உயரம் என்பதைத்தான் முன்கூட்டியே போய்ப் பார்க்க வேண்டும். வெள்ளையாக 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் கவலையில்லை. பெட்டியில் ஜிஎன் 60 என்று (ஃபிளாஷின் வீச்சைச் சொல்லும் எண், தூரத்தால் வகுத்தால் எஃப் வரும்) போட்டிருப்பது, ஃபிளாஷ் வெளிச்சத்தைக் குவித்து அடிக்கும் 200 எம்எம் ஜூமுக்கு. ஜூமை 35-இல் வைத்தால் ஜிஎன் வெகுவாகக் குறையும், அதுவும் 35 என்றே வைத்துக்கொள்வோம். கூரைக்குப் போய் முகத்துக்கு இறங்க 8 மீட்டர் பயணம். 35-ஐ 8-ஆல் வகுத்தால் எஃப் 4.4 (எஃப் என்பது லென்ஸின் திறப்பைக் காட்டும் எண், எண் கூடினால் திறப்பு சுருங்கும்). கூரை விழுங்குவதற்கும் சிதறுவதற்கும் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) கழித்தால் ஐஎஸ்ஓ 100-இல், அதாவது கேமராவின் ஒளி உணர்திறன் 100-இல் இருக்கும்போது, எஃப் 2.2. ஐஎஸ்ஓ 1600 வைத்தால் கிட்டத்தட்ட எஃப் 9. நீங்கள் எஃப் 5-இல் எடுக்கப்போகிறீர்கள், ஆக கால் பவரில் தொடங்கி முதல் படத்தைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். அப்போது அக்காவுக்கும் அப்பாவுக்கும் கூரை ஏறக்குறைய ஒரே தூரம். அவருக்கும் வெளிச்சம் கிடைக்கும்.

கூரையிலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால் கண்குழியில் நிழல் தங்கும். ஃபிளாஷ் தலைக்குள் செருகியிருக்கும் சிறு வெள்ளை அட்டையை இழுத்துவிடுங்கள், அல்லது அஞ்சலட்டை அளவு வெள்ளைத் தாளை ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்துங்கள். கண்ணில் ஒரு சின்னப் பொட்டு வெளிச்சம் வரும், முகம் உயிர்பெறும். கேமராவை நெடுக்காகத் திருப்பும்போது ஃபிளாஷ் தலையையும் கூடவே திருப்பிக் கூரையைப் பார்க்க வையுங்கள். எல்லோரும் மறப்பது இதைத்தான். மறந்தால் வெளிச்சம் பக்கத்துச் சுவருக்குப் போய்விடும்.

கூரை மரப்பலகையாகவோ கருப்பாகவோ இருந்தால், அல்லது அலங்காரக்காரர் மஞ்சளும் சிவப்புமாகத் துணி கட்டியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சிவப்புத் துணியில் பட்ட வெளிச்சம் சிவப்பாகத்தான் இறங்கும், அக்கா முகத்தில் குங்குமம் கரைத்து ஊற்றியதுபோல் இருக்கும். அப்போது தெர்மாகோல். ஸ்டேஷனரிக் கடையில் 1 மீட்டருக்கு அரை மீட்டர் தாள் கிடைக்கும், இரண்டு வாங்கிச் சேர்த்து ஒட்டிக்கொள்ளுங்கள். மாமா பையன் ஒருவன் மணமக்களுக்கு ஒன்றரை மீட்டர் பக்கவாட்டில் பிடித்து நிற்கட்டும். ஃபிளாஷை அவன் பக்கம் திருப்பி, வெளிச்சம் தாளுக்குள் அடங்க ஜூமை 105-இல் வைத்து, 1/16 பவரில் தொடங்குங்கள். 7 சென்டிமீட்டர் விளக்கு இப்போது 1 மீட்டர் விளக்கு. மூக்கு நிழலின் விளிம்பைப் பாருங்கள், கோடு இருக்காது, கரைந்திருக்கும். தெர்மாகோல் மணமக்களுக்குப் பக்கத்தில் இருப்பதால் தூரத்தில் நிற்பவர்களுக்கு இதில் குறைவாகத்தான் கிடைக்கும். அவர்களை மண்டபத்து வெளிச்சம் பார்த்துக்கொள்ளும்.

அதனால்தான் மண்டபத்து வெளிச்சத்துக்கு முதலில் கேமராவைச் சரிசெய்ய வேண்டும். ஃபிளாஷை அணைத்துவிட்டு மேனுவலில் ஷட்டர் 1/100 நொடி, எஃப் 5, ஐஎஸ்ஓ 1600 வைத்து ஒரு படம் எடுங்கள். மேடை ஒரு ஸ்டாப் மங்கலாகத் தெரிந்தால் சரி. அதன்மேல் ஃபிளாஷைச் சேருங்கள். 1/100 ஏன்? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/160 வைத்தால் சில விளக்குகளில் படத்தில் பட்டை பட்டையாக வரும். பின்னால் எல்இடி திரை வைத்திருந்தால் அதையும் 1/100-இல் ஒருமுறை சோதியுங்கள். 1/200-க்கு மேல் போகவே கூடாது. அந்த ஃபிளாஷை உங்கள் கேமராவுக்கு அடையாளம் தெரியாது, அதனால் உங்களைத் தடுக்காது. மீறினால் படத்தின் ஒரு ஓரம் கருப்பாக வெட்டுப்பட்டிருக்கும். (கேனான் 200டி மார்க் 2 வைத்திருப்பவர்களுக்கு: ஃபிளாஷ் மாட்டும் இடமான ஹாட்ஷூவின் நடுப்பின் அதில் இல்லை, டிடி600 மாட்டினால் எரியவே எரியாது. வாங்கும் முன் மாட்டிப் பாருங்கள்.)

நிறம். மண்டபத்தில் மஞ்சள் விளக்குகளும் உங்கள் ஃபிளாஷ் பகல் வெள்ளையுமாக இருந்தால் முகம் ஒரு நிறம், பின்னணி ஒரு நிறம். ரா-வால் இரண்டையும் ஒருசேரத் திருத்த முடியாது. வீடியோக்காரரிடம் மரியாதையாகப் பேசுங்கள். அவருடைய எல்இடி விளக்கில் நிறம் மாற்றும் குமிழ் இருந்தால் 5600 கெல்வினில் (பகல் வெள்ளை) வைக்கச் சொல்லுங்கள், ஃபிளாஷோடு ஒத்துப்போகும். அவர் மஞ்சளில்தான் வைப்பேன் என்றால் ஃபிளாஷ் முகத்தில் அரை சிடிஓ எனும் இளம் ஆரஞ்சு ஜெல் தாள் ஒட்டி, பவரை அரை ஸ்டாப் கூட்டுங்கள். கலர் செலோஃபேன் ஒட்டாதீர்கள், அது ஆரஞ்சாகத் தெரியும், ஆனால் சரியான ஆரஞ்சு இல்லை.

பேட்டரியில் சிக்கனம் பார்ப்பவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. சாதாரண அல்கலைன் செல் போட்டால் போகப்போக ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் காத்திருக்க வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் முதல் முடிச்சு மாப்பிள்ளை, அடுத்த இரண்டும் நாத்தனார், அதற்குள் அட்சதை பறந்து எல்லாம் முடிந்துவிடும். ஃபிளாஷ் அப்போது சிவப்பு விளக்கு எரியக் காத்துக்கொண்டிருக்கும். எனலூப் போன்ற ரீசார்ஜ் செல் 12 வாங்குங்கள், மூன்று செட். ஒரு செட்டில் பழசும் புதுசும் கலக்காதீர்கள். மூடிக்கு ஒதுக்கிய காசு இதற்குத்தான்.

இன்னொன்று. வரவேற்பில் உங்கள் அக்கா மூன்று மணி நேரம் நிற்பார். வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் மூன்று மூன்று முறை கண்ணுக்கு நேராக ஃபிளாஷ் அடிப்பது பாவம். கூரையில் அடித்தால் அவருக்கு அது உறுத்தவே உறுத்தாது. கண்ணாடி போட்ட பெரியவர்களின் கண்ணாடியில் வெள்ளைத் திட்டும் வராது.

எல்லாம் மேனுவலில் இருப்பதால் மேடையில் ஒன்றும் மாறாது. யார் அழுத்தினாலும் அதே படம்தான். கூட்டம் குறைந்ததும் கேமராவைத் தெர்மாகோல் பிடித்த பையனிடம் கொடுத்து, எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் காட்டிவிட்டு, அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நீங்களும் மேடையேறி அக்கா பக்கத்தில் நில்லுங்கள்.