எம்எல்ஏ லெட்டரும் நல்ல ஏழரையும்: பள்ளிப்பட்டு பக்கத்து அப்பா ஒருத்தருக்கு

அண்ணே, நேத்து நைட்டு நீங்க அனுப்புன மூணு வாய்ஸ் மெசேஜும் கேட்டேன், தறி சத்தத்துல பாதி காதுல விழல, ஆனா மேட்டர் புரிஞ்சிடுச்சு. பாப்பா கவர்ன்மென்ட் ஸ்கூல்ல படிச்சு பத்தாவதுல 441 எடுத்திருக்கா, திருப்பதில ஹாஸ்டலோட இன்டர், அதான் ஆந்திராவோட பிளஸ் ஒன் பிளஸ் டூ, சேத்துடலாம்னு உங்க மச்சான் சொல்றாரு, ரெண்டு வருஷம் கழிச்சு காலேஜ் சீட்டுக்கு எம்எல்ஏகிட்ட ஒரு லெட்டர் வாங்கிக்கலாம், அதுக்கு இப்பவே யாரைப் புடிக்கணும்னு கேக்குறீங்க.

ரெண்டுமே வேணாம்ணே. மொதல்ல லெட்டரை முடிச்சிடுறேன்.

நாலஞ்சு வருஷம் முன்னாடி எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பையனுக்காக இப்படித்தான் மூணு நாள் வெள்ளை சட்டை போட்டுகிட்டு ஆபீஸ் வாசல்ல நின்னு லெட்டர் வாங்கினாரு, நானும் கூடப் போனேன், காலேஜ்ல அதை மரியாதையா வாங்கி ஃபைல்ல வெச்சிட்டு டொனேஷன் எவ்ளோன்னு மட்டும் மாறாம சொன்னாங்க. அந்த டொனேஷனே 1992ல நம்ம சட்டசபை போட்ட சட்டப்படி தப்பு, அது வேற கதை. கவர்ன்மென்ட் கோட்டா சீட்டு கவுன்சிலிங்ல கட்ஆஃப் பாத்து கம்ப்யூட்டர் ஒதுக்குறது, அதுல யார் லெட்டரும் உள்ள நுழையாது. மேனேஜ்மெண்ட் கோட்டான்னா லெட்டரே தேவையில்ல, பணம் இருந்தா போதும். அப்போ லெட்டர் எதுக்குண்ணே?

எம்எல்ஏவால ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்லல. தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி இருக்கு, அதுல ஸ்கூலுக்கு கிளாஸ் ரூம் கட்டுவாங்க, உங்க பொண்ணு பீஸ் கட்ட அதுல வழி கிடையாது. தாலுகா ஆபீஸ்ல சர்டிபிகேட் மாசக்கணக்குல தூங்கினா ஒரு போன் போட சொல்லலாம். ஆனா அவங்க செஞ்ச பெரிய உதவி, சட்டசபைல உக்காந்து கை தூக்கினாங்க பாருங்க, அதுதான். அந்த உதவி ஏற்கனவே உங்க வீட்டு வாசல்ல கிடக்குது, நீங்க அதைத் தாண்டி திருப்பதிக்கு பஸ் ஏறப் பாக்குறீங்க.

ஏழரை பர்சன்ட்டை சொல்றேன், கவர்ன்மென்ட் ஸ்கூல் புள்ளைங்களுக்குன்னு காலேஜ் சீட்ல தனியா ஒதுக்குற 7.5 பர்சன்ட். ஏழரைன்னாலே நமக்கு சனி ஞாபகம் வரும், இது நல்ல ஏழரை. நீட் வந்தப்புறம் கவர்ன்மென்ட் ஸ்கூல் புள்ளைங்க எம்பிபிஎஸ் சேர்றது விரல் விட்டு எண்ணுற மாதிரி ஆகிப்போச்சு, நீதிபதி கலையரசன் கமிட்டி 10 பர்சன்ட் ஒதுக்குங்கன்னு சொல்லுச்சு, எடப்பாடி பழனிசாமி கவர்ன்மென்ட் 7.5ன்னு வெச்சு 2020 செப்டம்பர்ல சட்டசபைல பாஸ் பண்ணாங்க, எதிர்க்கட்சியும் சேந்து ஆதரிச்சது. அப்புறம் ஃபைல் கவர்னர்கிட்ட ஒன்றரை மாசம் கிடந்துச்சு, கடைசில கவர்ன்மென்ட் தனியா ஜிஓ, அதான் அரசாணை, போட்ட மறுநாள்தான் கையெழுத்து விழுந்துச்சு. மொத வருஷமே 300 எம்பிபிஎஸ் சீட்டுக்கு மேல அதுல ஒதுக்குனாங்க. 2021ல ஸ்டாலின் வந்ததும் இஞ்சினியரிங், அக்ரி, வெட்னரி, மீன்வளம், சட்டம்னு எல்லாத்துக்கும் அதே 7.5 வர்ற மாதிரி இன்னொரு சட்டம் போட்டாங்க, அந்த செப்டம்பர்லயே டியூஷன் பீஸ், ஹாஸ்டல் பீஸ் எல்லாம் கவர்ன்மென்ட்டே கட்டும்னு அறிவிச்சாங்க, பிரைவேட் இஞ்சினியரிங் காலேஜ் கவுன்சிலிங் சீட்டா இருந்தாலும் சரி. மெடிக்கல் ஏழரையை எதிர்த்து கேஸ் போட்டாங்க, 2022 ஏப்ரல்ல ஹைகோர்ட் செல்லும்னு சொல்லிடுச்சு. ரெண்டு கட்சியும் சேந்து நமக்கு செஞ்ச அபூர்வமான காரியம்ணே இது.

ஆனா கண்டிஷன் இருக்கு. 6ம் வகுப்புல இருந்து பிளஸ் டூ வரைக்கும் தமிழ்நாட்டு கவர்ன்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருக்கணும். ஆர்டிஇ, அதான் கட்டாயக் கல்விச் சட்டத்து இலவச சீட்டுல, பிரைவேட்ல எட்டாவது வரை படிச்சிட்டு 9ல இருந்து கவர்ன்மென்ட் ஸ்கூல் வந்தவங்களுக்கு மட்டும்தான் விலக்கு. கவர்ன்மென்ட் உதவி வாங்குற ஏய்டட் ஸ்கூல் கூட இதுல கணக்குல வராது. அப்படின்னா பாப்பா அஞ்சு வருஷமா சேத்து வெச்சதை, கடைசி ரெண்டு வருஷத்துக்கு திருப்பதி போய் ஒரே நாள்ல கொட்டிடுறீங்க. காலேஜ் போற பொண்ணுங்களுக்கு கவர்ன்மென்ட் தர்ற புதுமைப்பெண் மாசம் 1000 ரூபாயும் அதோட போச்சு, அதுக்கும் இதே 6ல இருந்து 12 கணக்குதான்.

சரி, ஆந்திரா பக்கமாவது ஏதாவது கிடைக்குமான்னா, அங்க 85 பர்சன்ட் சீட்டு லோக்கல் பசங்களுக்கு, லோக்கல்னா பொதுவா தொடர்ந்து நாலு வருஷம் அங்க படிச்சிருக்கணும், ரெண்டு வருஷ இன்டர் பத்தாது. ஒய்எஸ் ராஜசேகர ரெட்டி காலத்துல ஆரம்பிச்ச ஃபீஸ் ரீயிம்பர்ஸ்மென்ட், அதான் காலேஜ் பீஸை கவர்ன்மென்ட்டே ஏத்துக்குற ஸ்கீம், அந்த ஊர்க்காரங்களுக்கு, உங்க ரேஷன் கார்டு திருவள்ளூர் மாவட்டம். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நிப்பா பாப்பா. நமக்கு ஆந்திரா பக்க நகரியும் இந்தப் பக்க திருத்தணியும் ஒண்ணு மாதிரிதான், சந்தையும் ஒண்ணு சம்பந்தமும் ஒண்ணு, வீட்ல பாதி தெலுங்குதான் பேசுறோம், ஆனா 1959ல பார்லிமெண்ட் போட்ட எல்லை சட்டம் 1960 ஏப்ரல் 1ல அமலுக்கு வந்து திருத்தணி இந்தப் பக்கம் வந்துடுச்சுல்ல, ஸ்காலர்ஷிப்புக்கு அந்தக் கோடு காம்பவுண்ட் சுவர் மாதிரி. அந்த எல்லைக்காக போராடுன ம.பொ.சி மூணாவதோட படிப்பை விட்டவரு, பின்னாடி மேல்சபைக்கே தலைவரா உக்காந்தாரு. இதைப் பாப்பாகிட்ட சொல்லுங்க, அவளுக்கு புடிக்கும்.

நீட் எடுத்துடுவாங்கன்னு யாரோ சொன்னாங்கன்னு கேட்டீங்க. 2021ல நம்ம சட்டசபை மசோதா போட்டுச்சு, திருப்பி அனுப்பிட்டாங்க, 2022 பிப்ரவரில மறுபடியும் போட்டு அனுப்புனாங்க, டெல்லில ஒத்துக்கல. 1976ல கல்வியை மாநிலத்துகிட்ட இருந்து பொதுப்பட்டியலுக்கு மாத்துனாங்கல்ல, அதனால இந்த மாதிரி விஷயத்துல சென்னை மட்டும் கை தூக்கினா போதாது. டாக்டர் ஆசை இருந்தா நீட் எழுதியே ஆகணும், ஏழரைக்கும் நீட் பாஸ் ஆகணும். ஆசை பாப்பாவுக்கா மச்சானுக்கான்னு ஒரு தடவ கேட்டுக்குங்க.

உங்க வீட்ல இதுவரை யாரும் டிகிரி முடிக்கலன்னா முதல் பட்டதாரி சான்றிதழ் இ-சேவைல அப்ளை பண்ணலாம், 2010ல இருந்து இருக்கு, கவுன்சிலிங் வழியா போனாதான் டியூஷன் பீஸ் சலுகை. லோன் கடைசில பாத்துக்கலாம், 4 லட்சம் வரை ஜாமீன் கேக்கக்கூடாது, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ளன்னா படிக்கிற காலத்து வட்டிக்கு சென்ட்ரல் கவர்ன்மென்ட் ஸ்கீம் இருக்கு, மேனேஜ்மெண்ட் கோட்டான்னு சொன்னா மட்டும் பேங்க் மேனேஜர் முகம் மாறும். இஞ்சினியரிங்கே வேணாம்னு அவ சொன்னா திருத்தணில கவர்ன்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ் இருக்கு, பஸ்ல போய் வரலாம், செலவு உங்க ஒரு மாச தறி கூலிக்குள்ள அடங்கும், அதையும் கேவலமா நினைக்காதீங்க.

இப்போ ஒண்ணு மட்டும் எனக்கு உறுத்துது. மாமியார் வீட்ல, அந்த ஆந்திரா நகரியில, ஒரு வருஷம் பாப்பா அங்கேயே ஸ்கூல் போனான்னு போன தடவ டீக்கடைல பேச்சுவாக்குல சொன்னீங்க. அது அஞ்சாவதா ஆறாவதா? அஞ்சாவதுன்னா பிரச்சினையே இல்ல, நாளைக்கே அதே ஸ்கூல்ல பிளஸ் ஒன் அட்மிஷன் போடுங்க. ஆறாவதுன்னா கணக்கே வேற, முதல் பட்டதாரிய வெச்சுதான் போகணும், கட்ஆஃப் இன்னும் ஏத்தணும். டிசி, பழைய ரெக்கார்டு எல்லாம் எடுத்துகிட்டு ஞாயித்துக்கிழமை காலைல வாங்க, பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க, மச்சான் வந்தாலும் பரவால்ல.