குடியை நிறுத்த வாரம் ஒரு தடவை கிளினிக் போனால் போதுமா?

மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் பிறையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்கு 42 வயது, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். பல வருடமாகத் தினமும் குடி. இப்போது ஒரு நாளைக்கு அரை போத்தல் விஸ்கி, மாதக் கடைசியில் கையில் காசு இல்லாவிட்டால் சம்சு என்ற மலிவுச் சாராயம். "விட்டுவிடுகிறேன்" என்று அவரே வாய் திறந்து சொல்லியிருக்கிறார். ஆனால் தங்கிச் சிகிச்சை எடுக்க மாட்டாராம், வேலை போய்விடும் என்கிறார். ஒரு தனியார் மையம் வாரத்தில் மூன்று மாலை வரச் சொல்கிறது. தெரிந்த டாக்டர் வாரம் ஒரு கவுன்சலிங் போதும் என்கிறார். எது சரி? கடிதத்தின் கடைசியில் இப்படி இருந்தது: "போன தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்தார், ஒரு சொட்டு தொடவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி மட்டும் சுவரில் எறும்பு ஊருது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். மாமியார் விபூதி பூசிப் படுக்க வைத்தார், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. 48 நாள் இருக்க முடிந்தவனுக்கு எதற்குப் பெரிய சிகிச்சை என்று கணவர் கேட்கிறார்."

சகோதரி, போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், ஆனால் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான விஷயம் அந்த எறும்புதான். அது சாமியும் இல்லை, விரதக் களைப்பும் இல்லை. வருடக்கணக்கில் தினமும் சாராயம் போகிற உடம்பில் நரம்புகளைச் சாராயம் ஒரு பக்கம் அமுக்குகிறது. மூளை அதை எதிர்த்து மறுபக்கம் தள்ளிப் பழகிவிடுகிறது. ஒரே கதவை இரண்டு பேர் இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் திடீரென்று விலகினால் மற்றவர் குப்புற விழுவார். கடைசிக் குடிக்குப் பிறகு 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, குமட்டல் ஆரம்பிக்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள், அதாவது மூன்றாம் நாள் நான்காம் நாள் வாக்கில், சிலருக்குப் புத்தி தடுமாறி இல்லாதது கண்ணுக்குத் தெரியும். ஜுரமும் படபடப்பும் சேர்ந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. உங்கள் கணவர் அன்று இரவு அதன் வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு தடவை இப்படி வந்தவருக்கு அடுத்த தடவை இன்னும் கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: முதலில் சில நாள் வார்டு, அதற்குப் பிறகுதான் அந்த மூன்று மாலை. வாரம் ஒரு கவுன்சலிங் பின்னால் வரட்டும். எல்லாருக்கும் வார்டு வேண்டும் என்று சொல்லவில்லை. முன்பு வலிப்போ பிதற்றலோ வந்ததில்லை, வேறு பெரிய நோய் இல்லை, வீட்டில் தெளிவான ஒரு ஆள் கூடவே இருப்பார், டாக்டர் தினமும் பார்ப்பார் என்றால் வீட்டில் இருந்தபடியே மருந்தோடு நிறுத்தலாம். உங்கள் வீட்டில் முதல் நிபந்தனையே இடிக்கிறது.

தங்குவது என்றதும் அவர் மூன்று மாதம், ஆறு மாதம் என்று நினைத்துப் பயப்படுகிறார். நான் சொல்வது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடிகிற வேலை. டயஸெபாம் போன்ற மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், தையமின் (வைட்டமின் பி1) ஊசி போடுவார்கள். குடியால் அந்த வைட்டமின் வற்றிப்போய் மூளை நிரந்தரமாகக் கெட்டுவிடாமல் காக்கத்தான் அந்த ஊசி. வேலையைப் பற்றிய பயத்துக்கும் பதில் இருக்கிறது. வேலைவாய்ப்புச் சட்டத்தில் மருத்துவமனையில் தங்குவதற்கென்று வருடத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. எம்சி தாளில் (மருத்துவ விடுப்புச் சான்றில்) நோயின் பெயரை எழுத வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். பணமும் தடையில்லை. குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனையில் மூன்றாம் வகுப்பு வார்டு ஒரு நாளைக்கு 3 ரிங்கிட்தான்.

ஒரு எச்சரிக்கை, இதைப் படித்தால் சிலருக்குக் கோபம் வரும். டாக்டரைப் பார்க்கும்வரை அவர் தானாக ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். "இன்றைக்கே கொட்டு" என்று போத்தலைப் பிடுங்கிச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். சம்சுவை மட்டும் அறவே விடச் சொல்லுங்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த சாராயம் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். இடையில் வலிப்போ ஜுரத்தோடு பிதற்றலோ வந்தால் விபூதி பூசலாம், ஆம்புலன்ஸுக்கு 999-ஐ அழைத்துவிட்டு.

இப்போது வார்டுக்குப் பிறகான கதை. வெளிநோயாளிச் சிகிச்சையில் பல படிகள் உண்டு. அமெரிக்க அடிமைநோய் மருத்துவச் சங்கத்தின் கணக்கில் பெரியவர்களுக்கு வாரம் 9 மணி நேரத்துக்குக் கீழ் என்றால் சாதாரண வெளிநோயாளி, 9-லிருந்து 19 மணி நேரம் தீவிர வெளிநோயாளி, 20-ம் அதற்கு மேலும் என்றால் பகல் முழுக்க மையத்தில் இருந்து இரவு வீட்டுக்கு வருவது. உங்களுக்குச் சொன்ன மூன்று மாலை, மாலைக்கு மூன்று மணி நேரம் என்றால், நடுப்படியின் முதல் கல். இங்கே அரசாங்கத்தில் இப்படிப் பெயர் போட்ட ஒரு திட்டம் நம் ஊர் ஊராகக் கிடைக்காது. மனநலக் கிளினிக் சந்திப்பு, பதிவு பெற்ற கவுன்சலர், ஏஏ கூட்டம் (குடியை விட முயல்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு) என்று துண்டு துண்டாகச் சேர்த்து நாமேதான் அந்த மணிக்கணக்கைக் கட்ட வேண்டும்.

ஆனால் எத்தனை மணி நேரம் என்பதைவிட எந்த மணி நேரம் என்று பார்ப்பதே என் வழக்கம். காலை ஷிப்ட் 3 மணிக்கு முடிகிறது, கம்பெனி பஸ் பினாங்குப் பாலத்தைத் தாண்டி 4 மணி போல முச்சந்தியில் இறக்கிவிடுகிறது, கடை அங்கேயே இருக்கிறது, நீங்கள் துணிக்கடை வேலை முடிந்து வீடு வர 7 ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக அவர் குடிப்பது 4-லிருந்து 7 வரை. சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஒரு நல்ல கவுன்சலிங் போட்டால் அது அவருக்குப் பிடிக்கும், உங்களுக்கும் வசதி, குடிக்கும் மணி நேரம் மட்டும் அப்படியே காலியாகக் கிடக்கும். வார நாளில் 5 மணிக்குத் தொடங்கும் மூன்று மாலையை அதனால்தான் எடுக்கச் சொல்கிறேன். மீதி இரண்டு மாலைக்கு ஏஏ கூட்டமோ, தம்பி வீடோ, கோயிலோ, ஏதோ ஒன்று எழுதி வையுங்கள். பஸ்ஸில் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கச் சொல்வதுகூடச் சிகிச்சைதான். சிரிக்காதீர்கள், அந்த இருநூறு அடியில் தோற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஷிப்ட் மாறும் வாரத்துக்குத் தனிக் கணக்குப் போட வேண்டும்.

தனியார் மையத்தில் பணம் கட்டுமுன் சிலதை வெளிப்படையாகக் கேளுங்கள். டாக்டர் இருக்கிறாரா, பெயருக்கு வந்து போகிறாரா? நல்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் மாதிரி குடி ஆசையைத் தணிக்கும் மருந்தைப் பற்றிப் பேசுவார்களா, மாத்திரையே ஆகாது என்பார்களா? கவுன்சலர் 1998-ஆம் வருடச் சட்டப்படி லெம்பாகா கவுன்சலர் என்ற கவுன்சலர் வாரியத்தில் பதிந்தவரா? தமிழில் பேசுவாரா? கடைசிக் கேள்வியை லேசாக எடுக்காதீர்கள். மலாயில் "யா, யா" என்று தலையாட்டிவிட்டு வந்தவர், தமிழில் கேட்டதும் அப்பாவைப் பற்றி அரை மணி நேரம் அழுததை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, இடையில் ஒரு நாள் குடித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "வெளியே அனுப்பிவிடுவோம்" என்று சொல்லும் இடம் வேண்டாம். குடித்தால் படியை ஏற்ற வேண்டும், மூன்று மாலை ஐந்தாக வேண்டும். இரண்டு மூன்று மாதம் தொடாமல் இருந்து, தூக்கமும் சாப்பாடும் ஒழுங்காகி, ஷிப்ட் மாறிய வாரத்தையும் தாண்டிவிட்டால் வாரம் ஒன்றாகக் குறைக்கலாம். உங்கள் டாக்டர் நண்பர் சொன்னது தப்பில்லை, வரிசைதான் மாறிப்போயிற்று.

அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கும் "குடி மறக்கும் பொடி" பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதில் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்து, தெரியாமல் அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழலாம். அந்த மருந்து நல்ல மருந்துதான், சம்மதித்து, தெரிந்து, டாக்டர் பார்வையில் விழுங்குகிறவருக்கு.

போலீஸில் பெயர் பதியுமா என்ற பயம் தேவையில்லை. குடிக்குச் சிகிச்சை கேட்பதற்கும் போலீஸுக்கும் சம்பந்தமில்லை. ஹெராயின் மாதிரி போதைப்பொருளாக இருந்தால் வழியே வேறு.

48 நாள் விரதத்தைச் சாதாரணமாகச் சொல்லிவிட மாட்டேன். அவரால் முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்த 48 நாளும் கோயில், பஜனை, காவடிக் கூட்டாளிகள், சைவச் சாப்பாடு என்று மாலை முழுக்க ஆள் சூழ இருந்தார், தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறி இறங்கிய மறுவாரம் எல்லாமே நின்றுபோனது. அவரிடம் இதை இப்படியே சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை பக்கத்து அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கு (கிளினிக் கெசிஹாத்தான்) போங்கள், பதிவு 1 ரிங்கிட். குடியைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்பார்கள். மொத்தம் 40-க்கு 20-ம் அதற்கு மேலும் வந்தால் அடிமையாகியிருக்கலாம் என்று கணக்கு. அங்கிருந்து செபராங் ஜெயா மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது, என்னென்ன மாத்திரை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எறும்பு விஷயம் முதல் வரியில் இருக்கட்டும். மாமியாரையும் கூட்டிப் போங்கள், அன்று ராத்திரி பக்கத்தில் விழித்திருந்தவர் அவர்தானே.