தோட்டம் 'நிவா' ஆகுமா?

கேள்வி (சிவகிரி வாசகி ஒருவர்): ஜப்பானிய மொழி பயின்று வருகிறேன். எங்கள் ஐந்து ஏக்கர் பூமியைப் பற்றி வகுப்பில் ஒரு கட்டுரை எழுதியபோது, அகராதியைப் பார்த்துத் தோட்டத்திற்கு 'நிவா' என்றும் காட்டிற்கு 'மோரி' என்றும் எழுதினேன். 'ஆத்தா விடியும் முன்பே காட்டுக்குப் போய்க் கடலைக்கொடி பிடுங்குவார்' என்ற வரியைப் படித்த ஆசிரியர், 'அங்கே கரடி வராதா?' என்று கேட்டுவிட்டார். எங்களுக்குக் கிணற்றுப் பாசனத் தோட்டம், வாய்க்கால் பாயும் வயல், மானாவாரிக் காடு மூன்றும் உண்டு. அம்மா பிறந்த மூலனூர்ப் பக்கம் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலமும் உண்டு. இவற்றுக்கு எந்தச் சொற்களை எழுதுவது?

பதில்: ஆசிரியர் கேட்டதில் தவறில்லை. நிவா என்பது வீட்டை ஒட்டி அழகுக்காக வளர்க்கும் தோட்டம். மோரி என்பது மரமடர்ந்த வனம். கொங்கில் காடு என்றால் வானம் பார்த்த விளைநிலம் என்பதைச் சென்னைக்காரருக்கே விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்போது, ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிவரும் அகராதிக்கு அது எப்படித் தெரியும்?

ஜப்பானியச் சொற்கள் நிலத்தைப் பிரிப்பது, தண்ணீர் தேக்கி நெல் நடுவதா இல்லையா என்பதை வைத்துத்தான். வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தும் வயல் 'த'. பேச்சில் 'தம்போ' என்பார்கள். (தனாக்கா என்னும் குடும்பப் பெயரின் முதலெழுத்து இதுவே, வயலின் நடு என்று பொருள்.) தண்ணீர் தேக்காமல் பயிர் செய்யும் நிலம் 'ஹத்தக்கே'. சீனத்திலிருந்து வந்த வயல் எழுத்து அங்கே எல்லா விளைநிலத்துக்கும் பொதுவானது. ஜப்பானில் அது நெல்வயலோடு நின்றுவிட்டதால், அதன் இடப்பக்கத்தில் தீயைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்து ஹத்தக்கேக்கென்று ஓர் எழுத்தைத் தாங்களாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

இதை நம் நஞ்சை, புஞ்சையோடு அப்படியே பொருத்திவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் கால் இடறும். கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி மஞ்சள் போடும் தங்கள் தோட்டமும் ஹத்தக்கேதான், மழையை நம்பிய கடலைக்காடும் ஹத்தக்கேதான். பாசனம் உண்டா என்பது இங்கே கணக்கில்லை. கீழ்பவானி வாய்க்கால் பாயும் பூமியில் ஒரு முறை நெல்லும் மறு முறை கடலையோ எள்ளோ போடுகிறோமே, அதைத் தயங்காமல் 'த' என்றே எழுதுங்கள். தண்ணீர் தேக்க வரப்பும் அதற்கான பாசன வசதியும் இருந்தால் அதை 'த' என்றே ஜப்பானிய அரசின் புள்ளிவிவரமும் கொள்கிறது. பயிரின் பெயரை முன்னே சேர்க்கும்போது ஹகரம் பகரமாகும்: தேயிலைத் தோட்டம் 'சாபத்தக்கே', கோதுமைக் காடு 'முகிபத்தக்கே'. புறக்கடைக் கீரைப்பாத்திக்கு மட்டும் 'கதேய் சாயென்' என்று தனிச்சொல் உண்டு.

கொரங்காட்டுக்கு நேர்ச்சொல் இல்லை. 'பொக்குஜோ' என்று அகராதி காட்டும். ஆனால் அது தொழிலாக நடத்தும் பண்ணையை நினைவூட்டும். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாகக் கிடக்கும் மேய்ச்சல் பூமிக்கு, மேய்ச்சல் நிலம் என்ற பொருள் தரும் 'ஹோபொக்குச்சி' பொருந்தும். நானாக இருந்தால் கொரங்காடு என்ற பெயரையே பிறமொழிச் சொற்களுக்கு அவர்கள் பயன்படுத்தும் கதக்கானா எழுத்தில் எழுதி, காங்கேயம் மாடுகள் மேயும் இடம் என்று ஒரு வரி சேர்ப்பேன்.

'நோச்சி' என்னும் சொல்லையும் எங்கேனும் பார்த்திருப்பீர்கள். வயலையும் காட்டையும் சேர்த்துச் சட்டம் பேசும்போது வரும் சொல் அது. 1952-ஆம் ஆண்டு விளைநிலச் சட்டத்தின் பெயரே 'நோச்சிஹோ'. பத்திரத்தில் விவசாய நிலம் என்று எழுதுவதைப் போன்றது. ஆத்தாவைப் பற்றிய கட்டுரைக்கு வேண்டாம். ஐந்து ஏக்கரை 2 ஹெக்டேர் என்று எழுதினால் போதும். பழைய அளவில் அது ஏறத்தாழ 20 'தன்'.

ஆத்தாவின் வரியில் மோரியை எடுத்துவிட்டு ஹத்தக்கே என்று எழுதுங்கள்; கரடி தானாகவே போய்விடும்.