படத்தை வைத்துக் கணவரை விசாரிக்காதீர்கள்

கேள்வி: என் கணவர் காவல்துறையில் ஹெட் கான்ஸ்டபிள். சில வாரங்களுக்கு முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ‘நாயாட்டு’ என்கிற மலையாளப் படம் பார்த்தோம். பாதியில் நான், “உங்க வேலையும் இப்படித்தானா? மேல இருந்து சொன்னா நீங்களும் இதெல்லாம் செய்வீங்களா?” என்று கேட்டுவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டார். அதிலிருந்து முன்பு பேசிய அளவுக்குக்கூடப் பேசுவதில்லை. நான் கேட்டது தப்பா? எங்கள் 13 வயது மகன் இந்த மாதிரி போலீஸ் படமெல்லாம் பார்க்கவேண்டும் என்கிறான். காட்டலாமா?

பதில்:

சகோதரி, கேட்க நினைத்ததில் தப்பே இல்லை. ஆனால் கேட்ட விதம் அவரைக் குத்தியிருக்கும். நாள் முழுக்க “நீ செஞ்சியா, இல்லையா” என்று பிறரைக் கேட்கிற இடத்தில் வேலை பார்க்கிறவர், அதே கேள்வியை வீட்டில், அதுவும் பிள்ளை முன்னால் எதிர்கொண்டால் எழுந்துதான் போவார்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 2021-ல் வந்த அந்தப் படத்தை எழுதிய ஷாஹி கபீர் கேரள காவல்துறையில் வேலை பார்த்தவர், அதனால் வெளியிலிருந்து கற்பனை செய்கிறவருக்குப் பிடிபடாத ஒரு பயம் அதில் இருக்கிறது. ஒரு விபத்தில் ஒரு பையன் இறந்துபோகிறான், தேர்தல் நேரம், யாரையாவது பிடித்து உள்ளே போட்டாக வேண்டும் என்று மேலிடம் நெருக்குகிறது, நேற்றுவரை கூட டியூட்டி பார்த்தவர்களே மணியன், பிரவீன், சுனிதா என்கிற மூன்று போலீஸ்காரர்களைத் துரத்துகிறார்கள். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, உத்தரவு வந்தால் இவர் என்னவெல்லாம் செய்வாரோ என்று பயந்திருக்கிறீர்கள். அவருக்கு உறைத்தது வேறாக இருந்திருக்கலாம்: நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் என் துறை என்னையும் இப்படித்தானே கைவிடும்? மகள்மேல் உயிரையே வைத்திருக்கும் மணியனின் இடத்தில் அவர் தன்னை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நிமிடத்தில்தான் உங்கள் கேள்வி வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல நான் அவரைப் பார்த்ததில்லை, ஆனாலும் அந்தத் துறையின் கீழ்ப்படியில் நிற்கிற பலருக்கும் உள்ள பயம் இது.

அதனால் அடுத்த முறை பேசும்போது “இதெல்லாம் உண்மையா” என்று கேட்காதீர்கள். “இதில எதைத் தப்பா காட்டியிருக்காங்க?” என்று கேளுங்கள். எந்தத் தொழிலில் இருப்பவரும் தன் தொழிலைப் பற்றிய படத்தில் பிழை கண்டுபிடிக்கச் சொன்னால் வாயைத் திறப்பார். யார் யாருக்கு சல்யூட் அடிக்கவேண்டும், ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் கையில் எவ்வளவு வேலை கிடக்கிறது, பாரா என்கிற காவல் டியூட்டியில் நின்றால் கால் எப்படி மரத்துப்போகும், பந்தோபஸ்துக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய் எங்கே படுக்க வைப்பார்கள், விளக்கம் கேட்டு ஒரு மெமோ கொடுத்தால் அது எத்தனை நாள் மனசில் கிடந்து அரிக்கும் என்று ஒவ்வொன்றாக வரும். குறுக்கே பேசாமல் கேளுங்கள். “அய்யோ பாவம்” என்றும் சொல்லவேண்டாம், அறிவுரையும் வேண்டாம். ஒரே நாளில் எல்லாம் வந்துவிடாது, நைட் டியூட்டி முடித்து வந்த காலையில் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள், அவர் தூங்கி எழட்டும்.

சரி, பேச்சு போகிற போக்கில் “ஆமா, நானும் பிடிச்சு வெச்சவங்களை அடிச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டால்? இந்த இடத்தில் நான் மழுப்ப மாட்டேன். “எல்லா போலீஸும் செய்றதுதானே” என்று ஆறுதல் சொல்லிவிடாதீர்கள். பிடித்து வைத்திருக்கிற ஒருவரை அடிப்பது குற்றம். மேலதிகாரி சொன்னார் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது என்று 1984-ல் ஐ.நா. கொண்டுவந்த சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையே நேராகச் சொல்கிறது. இந்தியா 1997-ல் அதில் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். அவர்மீது அன்பு இருப்பதால்தான் இதை அவரிடம் நீங்கள் சொல்லவேண்டும். கத்தாமல், ஆனால் தெளிவாக: “இது தப்பு, இனிமே வேண்டாம், அதனால வேலையில என்ன கஷ்டம் வந்தாலும் நான் கூட இருக்கேன்.” மறுத்துப் பேசினால் மெமோவோ மாறுதலோ வரும் என்று பயப்படுகிற மனிதருக்கு இந்தக் கடைசி வாக்கியம் தேவைப்படும்.

‘நாயாட்டு’ போலீஸ் பக்கத்திலிருந்தே கதையைப் பார்க்கிறது. இறந்துபோன பையனின் வீட்டுக்குள் அது அதிகம் போவதில்லை, என் பார்வையில் அது ஒரு குறை. அதனால் நீங்கள் இருவரும் மட்டும் இருக்கும்போது ‘விசாரணை’யையும் பாருங்கள். குண்டூர் லாக்கப்பில் அடிபட்ட மு. சந்திரகுமார் எழுதிய ‘லாக்கப்’ நூலிலிருந்து வெற்றிமாறன் எடுத்தது. அடி வாங்குகிறவனின் உடம்பிலிருந்து கதை தொடங்குகிறது, அப்புறம் முத்துவேல் என்கிற போலீஸ் அதிகாரி வருகிறார், மனசாட்சி உள்ளவர், அதே நேரம் உத்தரவுகளில் மாட்டிக்கொண்டவர். உங்கள் கணவர் அவரைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தூக்கமே இல்லை, குடி கூடிக்கொண்டே போகிறது, சின்ன விஷயத்துக்கெல்லாம் பிள்ளைமேல் பாய்கிறார், “நான் இல்லேன்னா நீங்க நல்லா இருப்பீங்க” என்கிற மாதிரி பேசுகிறார் என்றால், இதைப் படப் பேச்சால் சரிசெய்ய முடியாது. உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். துறைக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று தயங்கினால் வெளியே ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். ‘விசாரணை’ இப்போது வேண்டவே வேண்டாம், அந்த அடியை 13 வயசு தாங்காது. ‘நாயாட்டு’வை ஏற்கெனவே உங்களோடு பாதி பார்த்துவிட்டான், அப்பா எழுந்து போனதையும் பார்த்திருக்கிறான், அவன் மனசில் கேள்வி இருக்கும். மீதியை அவனுக்குக் காட்டலாமா என்று அப்பாவே சொல்லட்டும். காட்டலாம் என்றால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டட்டும், அவன் கேட்பதற்கு அவரே பதில் சொல்லட்டும்.